மணிவலைக்குள் தெய்வங்கள்: கெய்ரோவிலும் லக்சரிலும் ஒன்பது நாள்

12 ஜனவரி 2019, சனி. கெய்ரோ

பாலைவன ஊர், வெயில் காயும் என்று நினைத்து அக்கா பருத்திப் புடவைகளாகவே அடுக்கி எடுத்து வந்திருந்தாள். இறங்கிய அதிகாலையில் 9 டிகிரி. விடுதியின் வாசல் மேசையில் இருந்த பெரியவர் அவள் நடுங்குவதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய், தன் நாற்காலி முதுகில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து வந்து நீட்டினார். மத்தியானம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஊருக்குக் கிளம்பும் அன்று கொடுத்தால் போதும் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டார்.

இங்கே வயதான பெண்களை ‘யா ஹாகா’ என்று கூப்பிடுகிறார்கள். ஹஜ் போய் வந்தவர் என்று பொருள். போகாதவர்களுக்கும் மரியாதைக்காக அதே சொல்தான். எங்கள் காதில் அது ‘அக்கா’ என்றே விழுந்தது. தெருவில் யார் யாரைக் கூப்பிட்டாலும் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

சாப்பாடு கொஷரி. சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கிண்ணத்தில். மேலே தக்காளிக் குழம்பு, கருக வறுத்த வெங்காயம், தனியாகப் பூண்டு போட்ட வினிகர். ஒரு கிண்ணம் 15 பவுண்டு. ஒரு பவுண்டு அப்போது நம் பணத்தில் 4 ரூபாய். “சோத்தையும் மக்ரோனியையும் ஒண்ணாப் போடுவாங்களா?” என்று கேட்டவள் முழுக் கிண்ணத்தையும் காலி செய்தாள். அவள் சைவம். இந்த ஊரில் சைவத்துக்குக் கவலையே இல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எகிப்தின் பிற்காலத்து மம்மிகள் மேல் ஒரு மணிவலை போர்த்தியிருப்பார்கள். நீளக் குழல்மணிகளைச் சாய்சதுரக் கட்டங்களாகக் கோர்த்து, கண்ணிகள் சேரும் இடத்தில் சின்ன வளைய மணி வைத்து, தோளிலிருந்து கணுக்கால் வரை இறங்கும் வலை. கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டில், 25-ஆம் அரச மரபின் காலத்தில் பரவி, அதன்பின் பல நூறு ஆண்டுகள் நீடித்த வழக்கம் அது. அந்த வலையில் காவல் தெய்வங்களைத் தைத்து வைத்தார்கள். பத்து வருடமாக அவற்றைப் புத்தகப் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். எந்தத் தெய்வம் எது என்று நேரில் நின்று அடையாளம் காண வேண்டும் என்பது என் ஆசை. அக்காவுக்குத் தெய்வங்கள் மேல் அக்கறை இல்லை. முப்பது வருடமாகப் பாசிமணி கோர்க்கிறவள் அவள். அந்த வலையை எப்படிப் பின்னினார்கள் என்று பார்க்க வந்தாள்.

13 ஜனவரி, ஞாயிறு. தஹ்ரீர் சதுக்கம்

எகிப்திய அருங்காட்சியகம். 1902-இல் திறந்த இளஞ்சிவப்புக் கட்டடம். உள்ளே போனதும் எங்கே தொடங்குவது என்று திகைப்பு வந்தது. முதலில் அக்காவை மேல்மாடிக்கு, அரசன் துத்தன்காமுனின் உடலிலிருந்து எடுத்த உள்ளுறுப்புகளை வைத்த பேழைக்கு முன் கூட்டிப் போனேன். அரிச்சுவடி கற்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

தங்கம் பூசிய மரப்பேழை. நான்கு பக்கமும் நான்கு பெண் தெய்வங்கள் பேழையைப் பார்த்து நின்று, கைகளை விரித்து அணைத்திருக்கிறார்கள். முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, யார் வருகிறார்கள் என்று பார்க்கிற மாதிரி இருக்கும். நால்வருக்கும் ஒரே உடை, ஒரே உடல்வாகு. முகத்தை வைத்து யார் யாரென்று சொல்ல முடியாது. தலைக்கு மேல் பார்க்க வேண்டும். சிம்மாசனம் இருந்தால் ஐசிஸ். வீட்டின் மேல் கூடை வைத்த எழுத்து இருந்தால் நெஃப்திஸ். தேள் இருந்தால் செர்கெத். வில், அம்போடு சேர்ந்த சின்னம் இருந்தால் நெய்த்.

“அப்போ தலையில இருக்கிறது பேரா?” என்றாள் அக்கா.

ஆமாம், பெயரேதான். ஐசிஸின் பெயரை எழுதும் எழுத்தே சிம்மாசனம். நெஃப்திஸ் என்றால் ‘வீட்டின் தலைவி’. அந்த வீடும் கூடையும் சேர்ந்து அதைத்தான் எழுதுகின்றன. இதை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால், பெட்டியோ கூடோ தாயத்தோ எதைப் பார்த்தாலும் கண் தானாக உச்சிக்குப் போய்விடும்.

அப்புறம் நகை அறையில் ஹெக்காஎம்சாஃபின் மணிவலை. இந்தப் பயணமே இதற்காகத்தான். அரசன் அமாசிஸ் காலத்தில், அதாவது கி.மு. 570-க்கும் 526-க்கும் இடையில், அரசுக் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தவர் அவர். சக்காராவில் 1903-இல் அவர் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான வலைகள் ஃபயான்ஸ் என்னும் சுட்ட நீல மணியால் ஆனவை. இவருடையது தங்கம், லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல், பச்சைக்கல் என்று கோர்த்தது. அந்த நீலக்கல் இன்றைய ஆப்கானிஸ்தானின் மலைகளிலிருந்து எகிப்துக்குப் போனது.

கழுத்தில் அகலமான ஆரம். அதன் கீழே சிறகு விரித்து மண்டியிட்ட ஒரு பெண். அதற்கும் கீழே இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும் நான்கு சிறிய உருவங்கள், ஹோரஸ் என்னும் தெய்வத்தின் நான்கு பிள்ளைகள். கால் பக்கமாக இறங்கும் எழுத்துப் பட்டை. நான் அந்தப் பெண்ணிடமே நின்றுவிட்டேன். சிறகுள்ள பெண் என்றால் ஐசிஸ், மாஅத், நூத் என்று மூவரில் யாராகவும் இருக்கலாம். தலையில் இறகு இருந்தால் மாஅத், சிம்மாசனம் இருந்தால் ஐசிஸ். இங்கே, மார்பின் நடுவில், நான்கு பிள்ளைகளுக்கு மேல் விரிந்திருப்பவள் நூத். வானம்தான் நூத். இறந்தவர் அவளைத் தாயே என்று கூப்பிட்டு, என் மேல் உன்னை விரித்துக்கொள், அழியாத நட்சத்திரங்களுக்கு நடுவே என்னை வை என்று வேண்டுவார். மிகப் பழைய வேண்டுதல் அது. பிரமிடு காலத்திலிருந்து சவப்பெட்டிகளின் மேல் திரும்பத் திரும்ப வருவது. வலை முழுவதும் நீலமும் பச்சையுமாக இருப்பதற்கு ஒரு காரணம் அவள். இறந்தோரின் அரசனான ஒசைரிஸ் தெய்வத்துக்கும் இப்படி வலைக்கட்டம் போட்ட உடை உண்டு. ஆக, இந்த வலைக்குள் படுத்தவர் வானத்தைப் போர்த்திக்கொள்கிறார், ஒசைரிஸாகவும் ஆகிவிடுகிறார்.

அக்கா கண்ணாடிக்கு முன் குனிந்து விரலை காற்றில் அசைத்துக்கொண்டிருந்தாள். ஊசி எந்த மணி வழியாகப் போய் எதில் திரும்புகிறது என்று பார்க்கிறாள். காவலர் ஒருவர் வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அவளையே பார்த்திருந்துவிட்டு, தன் முக்காலியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்.

14 ஜனவரி, திங்கள். மேல்மாடி, பிறகு மெட்ரோ

காலையில் ஃபூல். இரவெல்லாம் வெந்த பெரிய அவரை விதையை மசித்து, எண்ணெயும் சீரகமும் எலுமிச்சையும் விட்டு, சூடான ரொட்டியில் அள்ளிச் சாப்பிடுவது. அதே அவரையை அரைத்து வடையாகச் சுட்டால் தஅமேய்யா. உள்ளே பச்சைப்பசேல் என்று கொத்தமல்லி மணக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து 22 பவுண்டு.

மறுபடி மேல்மாடி. இன்று சாதாரண ஃபயான்ஸ் வலைகள். ஃபயான்ஸ் என்பது களிமண் கிடையாது. வெண்கல்லைப் பொடித்து, உவர்க்காரமும் கொஞ்சம் செம்பும் கலந்து பிசைந்த மாவு. காயும்போது உள்ளிருக்கும் உப்பு மேலே பூத்துவரும்; சூளையில் அது உருகி நீலப் பளபளப்பாகிவிடும். பழைய எகிப்தியர் அதைத் ‘தெஹெனெத்’ என்றார்கள், ஒளிர்வது என்று அர்த்தம். குழல்மணிக்குத் துளை போடவே வேண்டாம். நூலிலோ வைக்கோலிலோ மாவைச் சுற்றி உருட்டிச் சுட்டால் உள்ளே இருப்பது எரிந்துபோய்த் துளை மிஞ்சும். இதைச் சொன்னதும் அக்காவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

வலையின் மார்பில் சிறகுள்ள வண்டு. சாணியை உருண்டையாக உருட்டிப் போகும் அதே வண்டு, இங்கே காலைச் சூரியனான கெப்ரி. உடல் தனி, சிறகு இரண்டும் தனித்தனி. மூன்றையும் வலையில் தைக்க ஓரத்தில் துளைகள். அதன் கீழே ஹோரஸின் நான்கு பிள்ளைகள். மனிதத் தலை இம்செட்டி, கல்லீரலுக்குக் காவல். பபூன் குரங்குத் தலை ஹாப்பி, நுரையீரல். குள்ளநரித் தலை துவாமுதெஃப், இரைப்பை. வல்லூறுத் தலை கெபெசெனுயெஃப், குடல். நேற்றுப் பார்த்த நான்கு பெண்களும் இந்த நால்வருக்குத் துணை: இம்செட்டிக்கு ஐசிஸ், ஹாப்பிக்கு நெஃப்திஸ், துவாமுதெஃப்புக்கு நெய்த், கெபெசெனுயெஃப்புக்குச் செர்கெத். காவலுக்கு ஒரு காவல்.

குள்ளநரித் தலையைப் பார்த்ததும் மம்மியாக்கத்தின் தெய்வமான அனுபிஸ் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. உடலைப் பார்க்க வேண்டும். கையும் காலும் தெரியாமல் துணியில் சுற்றிய உடல் என்றால் துவாமுதெஃப். அனுபிஸ் வேலை செய்கிறவன். மம்மியின் மேல் குனிந்திருப்பான், அல்லது முழு நரியாகப் பேழை மேல் படுத்திருப்பான்.

இதோடு முடிந்தால் எளிது. ஒரு சவப்பெட்டியின் பக்கவாட்டில் வல்லூறுத் தலையோடு ஒரு பிள்ளை இருந்தான். பக்கத்தில் எழுதிய பெயரில் முதலில் ஒரு நட்சத்திரம், அடுத்து ஒரு கழுகு, கடைசியில் ஒரு கொம்புப் பாம்பு. நட்சத்திரம் என்றால் வணங்குதல், கழுகு என்றால் தாய், பாம்பு என்றால் ‘அவனுடைய’. தன் தாயை வணங்குபவன், அதாவது துவாமுதெஃப். நரித் தலை இருக்க வேண்டிய இடத்தில் வல்லூறு! அந்தக் காலத்தில் இவர்கள் இருவருக்கும் தலை மாறுவது உண்டு என்று படித்திருந்தேன். நேரில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. மணிவலையில் தைத்த உருவங்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் பெயர் இருக்காது. எனவே என் நோட்டுப் புத்தகத்தில் இன்றுமுதல் முதலில் ‘நரித் தலை’ என்று எழுதி, அதற்குப் பிறகே பெயரை எழுதுவதாக வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தாயத்துகளைத் தைக்காமல், பொடி மணிகளாலேயே முகத்தையும் வண்டையும் பிள்ளைகளையும் பின்னிய வலை. மஞ்சள், பச்சை, கறுப்பு, செம்பழுப்பு என்று வரிசை வரிசையாக மணி. கிட்டே போனால் ஒன்றும் புரியாது, நான்கடி தள்ளி நின்றால் உருவம் எழுந்து வரும். இதில் நரியின் காது என்பது இரண்டு மணி, வல்லூறின் அலகு ஒரே மணி. நான் அவற்றில் ஒன்றைக் குரங்கு என்று எழுதினேன். அக்கா மணியை எண்ணிப் பார்த்து, “மூக்கு முன்னாடி நீண்டு ரெண்டு வரிசை போகுது பாரு, காதும் மேல நிக்குது, நரிடி இது” என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

அங்கிருந்து பழைய கெய்ரோவில் இருக்கும் மார் கிர்கிஸ் போக சாதாத் நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். 3 பவுண்டுச் சீட்டு. நடுவில் இருக்கும் பெண்கள் பெட்டி, நிற்கக்கூட இடமில்லை. சயீதா ஸைனப் தாண்டியதும் யாரோ ஒருவரின் பை கொக்கியில் அக்காவின் மாலை மாட்டி அறுந்துவிட்டது. அது அம்மா கோர்த்த பாசிமணி மாலை. கறுப்பு, சிவப்பு, வெள்ளைப் பொடிமணி, நடுவில் பச்சை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

மணிகள் தரையில் ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த நொடி பெட்டியில் பாதிப் பேர் குனிந்துவிட்டார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த சிறுமி இருக்கைக்கு அடியில் தவழ்ந்து போனாள். ஒரு பெண் தன் குழந்தையை முன்பின் தெரியாத இன்னொருத்தி மடியில் வைத்துவிட்டுத் தேடினாள். தலைக்கிளிப் விற்றுக்கொண்டு வந்த அம்மாள், ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையிலிருந்த கிளிப்புகளைத் தன் கூடையில் கொட்டிவிட்டு உறையை எங்களிடம் நீட்டினாள். ஒவ்வொரு கையாக வந்து நாலு மணி, ஆறு மணி, ஒரே ஒரு மணி என்று அதில் போட்டார்கள். கதவு திறந்தபோதெல்லாம் யாரோ ஒருத்தி காலை நீட்டி மணி வெளியே ஓடாமல் மறித்தாள். மார் கிர்கிஸ் எப்போது போனதென்றே தெரியவில்லை. தார் அஸ் ஸலாமில் இறங்கினோம். கிளிப்புக்காரம்மாள் காசு வாங்க மறுத்துவிட்டாள். அக்கா நடைமேடையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

15 ஜனவரி, செவ்வாய். கான் அல் கலீலி, கூடாரத் தையல்காரர் தெரு

ராத்திரி அக்கா உறையைப் பிரித்துக் கட்டில் மேல் கொட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்ப அள்ளி வைத்தாள். காலையில் நூல் வாங்க வேண்டும் என்றாள்.

கான் அல் கலீலி கடைவீதியின் ஒரு சந்தில், கடைக்காரர் எங்களை உள்ளே உட்கார வைத்துப் புதினா டீ கொடுத்தார். ‘ஹிந்த்? அமிதாப் பச்சன்!’ என்ற வரவேற்பு இதோடு ஒன்பதாவது முறை. பேச்சு மணிகள் பக்கம் போனதும் இழுப்பறையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு நீலச் சரத்தை எடுத்தார். மம்மி மணி, கல்லறையிலிருந்து வந்தது, 900 பவுண்டு என்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அது உண்மையாக இருந்தால் வாங்குவது குற்றம். 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டம் வந்தபின் இந்த நாட்டில் தொல்பொருள் வியாபாரமே கூடாது. அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். துளைகள் எல்லாம் ஒரே அளவு, வெட்டின விளிம்பு எல்லாம் நேர். புதுசு என்று தமிழிலேயே சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவருக்குப் புரிந்தது. கோபப்படாமல் டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

அது போலி என்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் உண்மையான சரங்கள் நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் உலகமெல்லாம் போயின. நூல் இரண்டாயிரம் ஆண்டில் மக்கிப்போகும். மம்மியைத் தூக்கியதும் வலை உதிர்ந்து குவியலாகிவிடும். அதை அள்ளிக் கழுத்துமாலையாகக் கோர்த்துப் பயணிகளுக்கு விற்றார்கள். நரித் தலை ஒரு ஊருக்கும் வல்லூறுத் தலை வேறொரு ஊருக்கும் போனது. வண்டின் உடல் ஒருவரிடம், சிறகு இன்னொருவரிடம். யாருடைய மார்பில் யாருக்கு மேல் யார் இருந்தார் என்பது அதோடு போய்விட்டது. அகழ்வாய்வாளர் பெட்ரி இதற்கு ஒரு வழி செய்தார். மணி வேலை தென்பட்டால் கைவைக்காமல், உருக்கிய மெழுகை அதன் மேல் ஊற்றி, இறுகியதும் வரிசை கலையாமல் அப்படியே தூக்கினார். தாயத்துகள் உடலில் கிடந்த இடங்களை வரைபடமாகப் போட்டு 1914-இல் அச்சிட்டார். இன்று நாம் இன்னார் இன்ன இடத்தில் என்று சொல்ல முடிவது அப்படிப்பட்ட பொறுமையால்தான்.

நூல் கிடைத்தது பாப் ஸுவேலா என்னும் பழைய நகர வாசலுக்குத் தெற்கே, கியாமியா தெருவில். கூரை போட்ட பழைய சந்து. இருபக்கமும் சின்னச் சின்னக் கடைகளில் ஆண்கள் சம்மணமிட்டுத் துணிமேல் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அக்காவின் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. தன் நூற்கண்டிலிருந்து இரண்டு பாகம் இழுத்துக் கத்தரித்து, மெழுகுக் கட்டியில் இரண்டு முறை ஓட்டிக் கொடுத்தார். அக்கா தன் பையிலிருந்து மெழுகுத் துண்டை எடுத்துக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். அவர் ஊசியில் நூல் கோர்ப்பதை இவளும், இவள் முடிச்சுப் போடுவதை அவரும் பார்த்தபடி அரை மணி நேரம் போனது. பொதுவான மொழி ஒரு வார்த்தை இல்லை.

16 ஜனவரி, புதன். சக்காரா

காலையிலேயே வானம் மஞ்சள். வண்டி சக்காராவைச் சேர்வதற்குள் புழுதிக்காற்று கிளம்பிவிட்டது. பேரீச்சந்தோப்பைத் தாண்டியதும் எதிரே எதுவும் தெரியவில்லை. படிப் பிரமிடு ஒரு நிழலாக வந்து வந்து மறைந்தது. மூக்கு, காது, பல் எல்லாம் மணல். ஓட்டுநர் தன் கழுத்துத் துண்டைக் கழற்றி முகத்தில் எப்படிச் சுற்றுவது என்று அக்காவுக்குக் காட்டினார்.

அரசன் உனாஸின் பிரமிடுக்குத் தெற்கே போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஹெக்காஎம்சாஃபின் கல்லறை இந்தப் பக்கம்தான். அதே காலத்து ஆழக் கிணற்றுக் கல்லறைகள் இங்கே இருக்கின்றன. 25 மீட்டர் அளவுக்கு இறங்குபவை. அடியில் கல் அறை கட்டி, உடலை வைத்தபின் கிணறு முழுக்க மணலைக் கொட்டிவிடுவார்கள். திருட வருகிறவன் ஒரு கூடை மணலை அள்ளினால் பக்கத்திலிருந்து இன்னொரு கூடை சரியும். கல்லைவிட மணல் நல்ல பூட்டு. அந்தக் காற்றில் நின்று, காலடி பதித்த இடம் கண்ணெதிரே மூடிக்கொள்வதைப் பார்த்தபோது அது விளங்கியது. அந்தத் தங்க வலை அத்தனை காலம் பிரியாமல் கிடந்ததும் விளங்கியது.

பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. இம்ஹோதெப் அருங்காட்சியகத்தில் ஒதுங்கினோம். திரும்பும் வழியில் வாய்க்கால் கரையோரம் ஒரு பெண் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான்கு ரொட்டி 5 பவுண்டு. கூடவே உப்பில் ஊறிய கேரட்டும் வெள்ளரியும். வண்டிக்குள் உட்கார்ந்து, மணலோடு தின்றோம்.

17 ஜனவரி, வியாழன். வழியில்

நாள் முழுக்கப் பயணம். எனக்கு வயிறு சரியில்லை. வழியில் ஒரு கடையில் 4 பவுண்டுக்குத் தயிர் கிடைத்தது. வேறு எழுத ஒன்றுமில்லை.

18 ஜனவரி, வெள்ளி. லக்சர்

வெயில்! கெய்ரோவின் குளிரும் புழுதியும் வேறு நாட்டில் நடந்தவை போலிருக்கிறது. நைல் கரையில் செம்பருத்திச் சாறு, 10 பவுண்டு. கர்கதே என்கிறார்கள், புளிப்பும் இனிப்பும்.

நதியோரத்தில் மம்மியாக்கத்துக்கென்றே ஒரு சிறிய அருங்காட்சியகம், 1997-இல் திறந்தது. ஒரே நீள அறை, மங்கிய விளக்கு. 21-ஆம் அரச மரபின் காலத்தில் அமுன் கோயிலின் தலைமைப் பூசாரியாக இருந்த மசஹர்த்தாவின் உடல் இங்கே இருக்கிறது. அவர் முன்னால் நின்றபோது, கெய்ரோவில் பார்த்ததெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது.

முதலில் உள்ளுறுப்புகளை நான்கு ஜாடிகளில் வைத்தார்கள். தொடக்கத்தில் வெறும் மூடிகள், அப்புறம் எல்லாம் மனிதத் தலை. பின்னால்தான் குரங்கும் நரியும் வல்லூறும் வந்தன. மசஹர்த்தாவின் காலத்தில் உறுப்புகளைப் பொட்டலமாகக் கட்டி உடலுக்குள்ளேயே திரும்ப வைக்கத் தொடங்கினார்கள். நான்கு பிள்ளைகளும் மெழுகு உருவங்களாகப் பொட்டலத்தோடு உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு வந்த மணிவலையில் அதே நால்வர் வெளியே, மார்பின் மேல். ஜாடியிலிருந்து வயிற்றுக்குள், வயிற்றுக்குள்ளிருந்து நெஞ்சின் மேல். ஆயிரம் வருடத்துக்கு மேல் இடம் மாறி மாறி நின்றும் வேலையை விடவில்லை அவர்கள்.

மம்மிகளை வேடிக்கைப் பொருளாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அக்கா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

19 ஜனவரி, சனி. மேற்குக் கரை

படகுக்கு ஆளுக்கு 5 பவுண்டு. அக்கரையில் கரும்புத் தோட்டம், பச்சைக்கு முடிவில் கத்தியால் கீறியது போல வெறும் மலை.

துத்தன்காமுனின் கல்லறையில் கல் பேழையின் நான்கு மூலைகளிலும் அதே நான்கு பெண்கள், இங்கே சிறகோடு. ஒருத்தியின் சிறகு நீளும் இடத்தில் அடுத்தவளின் சிறகு வந்து சேர்கிறது. அக்கா என்னைக் கேட்காமலே, “ஐசிஸ், நெஃப்திஸ், தேளம்மா, வில்லம்மா” என்று விரல் நீட்டிச் சொன்னாள்.

அப்புறம் அசாசிஃப் சமவெளி வழியாக நடந்தோம். ஹர்வா, மொந்துஎம்ஹத் போன்ற 25, 26-ஆம் மரபு அதிகாரிகளின் பெரிய கல்லறைகள் இருக்கும் இடம். மணிவலை போர்த்தும் வழக்கம் பரவிய காலத்தில் இந்தத் தீப்ஸ் நகரம்தான், அதாவது பழைய லக்சர்தான், அதன் மையம். மேலே பார்க்கச் செங்கல் வாசலும் பள்ளங்களும் மட்டும். காற்றுகூட இல்லை.

ஒரு வீட்டு வாசலில் மாவு வட்டங்களை வெயிலில் வைத்திருந்தார்கள். வெயிலிலேயே பொங்கிய பிறகு அடுப்பில் வைப்பார்களாம். ஐஷ் ஷம்சி, சூரிய ரொட்டி. வீட்டுக்காரப் பெண் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்து, கூடவே வெல்லப் பாகும் வைத்தாள். காசை எடுத்ததும் முகம் சுருங்கியது. அவசரமாக உள்ளே வைத்துக்கொண்டேன்.

20 ஜனவரி, ஞாயிறு. மறுபடி கெய்ரோ

இரவு விமானம். மத்தியானம் முழுக்க அக்கா விடுதி அறையில் மாலையைக் கோர்த்தாள். துண்டை விரித்து, மணிகளை நிறம் நிறமாகப் பிரித்து, கியாமியாக்காரர் கொடுத்த நூலில். நான் பக்கத்தில் உட்கார்ந்து பச்சையை எடுத்துக் கொடுத்தேன்.

“அம்மா போட்ட வரிசை ஞாபகம் இருக்காக்கா?”

“வரிசை இருக்குடி. மூணு கறுப்பு, ஒரு செவப்பு, ஒரு வெள்ளை. எந்தக் கறுப்பு எந்த எடத்துல இருந்துச்சுன்னுதான் தெரியாது.”

கொஞ்ச நேரம் கழித்து அவளே, “அந்த வலையெல்லாம் இப்பக் கோத்து வச்சிருக்காங்களே, அவங்களுக்கும் அப்படித்தானே” என்றாள். சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

எண்ணிப் பார்த்ததில் பதினொரு மணி குறைந்தது. அடுத்த தெருவில் பொடிமணி விற்கிற கடை இருக்கிறது, வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மணி இல்லாத இடங்களில், ஒரு மணி அளவுக்கு நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனாள். பின்கழுத்துப் பக்கம் வைக்கவில்லை. முன்னால், பச்சை மணிக்கு அருகிலேயே சில முடிச்சுகள் தெரிகின்றன.

ஆறு மணிக்குக் கீழே இறங்கி, மடித்த சால்வையைப் பெரியவரிடம் கொடுத்தோம். அவர் அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அக்கா “மெட்ரோ” என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி, ஒரு முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, மேசை விளக்கைத் திருப்பி, முடிச்சு ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.